கூத்தம்பலத்தைப் பார்த்து ஒரு சின்ன நாட்டிய அரங்கம்: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

கோவை_வரைபடம் (கேள்வி)

வணக்கம். கோவைக்கு வெளியே ஒரு நாட்டியப் பள்ளிக்கு அரங்கம் வரைந்துகொண்டிருக்கிறோம். தரையில் உட்கார்ந்து 200 பேர் பார்க்க வேண்டும். பள்ளிக்காரர்கள் கேட்பது "கேரளக் கூத்தம்பலம் மாதிரி", அதாவது கேரளக் கோயில்களுக்குள் இருக்கும் கூத்து அரங்கம் போல. மைக் இல்லாமல் பாட்டும் ஜதியும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய இன்னொரு நிபந்தனை. உள்ளளவு 15 மீட்டருக்கு 11 மீட்டர் என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம்.

எனக்குத் தெரிய வேண்டியவை: கூத்தம்பலத்தின் உள்ளே எது எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது? "நாட்டிய சாஸ்திரப்படி கட்டியது" என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அது எவ்வளவு தூரம் உண்மை? மேடையின் நான்கு தூண்களை வைத்துக்கொண்டு பரதநாட்டியம் ஆட முடியுமா? கூரையை மரத்தில் செய்தால் எங்கே சிக்கல் வரும்? நேரில் போய்ப் பார்ப்பதென்றால் முதலில் எங்கே போகலாம்?

படம் போட்டுக் காட்டும் இணையப் பக்கங்கள் நிறையப் பார்த்தாயிற்று. அளவும் காரணமும் சொல்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மிழாவொலி

முதலில் அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். கூத்தம்பலம் பொது அரங்கம் இல்லை. கோயில் மதிலுக்குள், மூர்த்தியை நோக்கி, கூத்துக்கும் கூடியாட்டத்துக்கும் (கேரளத்தின் சம்ஸ்கிருத நாடகம்) நங்கியார் கூத்துக்கும் மட்டும் கட்டியது. சாக்கியார் ஆடுவார், நம்பியார் மிழாவு கொட்டுவார், நங்கியார் குழித்தாளம் போட்டுச் சுலோகம் சொல்வார். ஒரு நாடகத்தின் ஒரு அங்கத்தைப் பல இரவுகள் ஆடுவார்கள். ஒரு சுலோகத்தைக் கண்ணாலும் கையாலும் அரை மணி நேரம் விரிப்பார்கள். அதாவது பார்க்க வேண்டியது ஓட்டமும் பாய்ச்சலும் அல்ல, ஒரு மனிதரின் முகம்.

உள்ளே நுழைந்தால் செவ்வகமான கூடம். அதன் ஒரு கோடியில் சதுர மேடை, தரையிலிருந்து உயர்ந்தது, தனக்கென்று நான்கு தூண், தனக்கென்று ஒரு விதானம். கூரைக்குள் இன்னொரு கூரை என்று சொல்லலாம். விதானத்தின் அடிப்பக்கம் செதுக்கு வேலை இருக்கும். மேடைக்குப் பின்னால் அணியறை. அதற்கும் மேடைக்கும் இடையே இரண்டு வாசல், ஒன்றில் வந்து மற்றதில் போவார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே, ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால், மரச் சட்டத்தில் வைத்த மிழாவு. மேடையின் முன்விளிம்பில் நிலவிளக்கு ஒன்று, மூன்று திரி. இரண்டு ஆடுபவரை நோக்கி, ஒன்று பார்வையாளரை நோக்கி.

மிழாவு ஏன் பின்னால்? அது வெறுங்கையால் அடிக்கும் பெரிய செப்புக் குடம் (பழையவை மண்ணில் செய்தவை), சத்தம் பெரிது. ஆடுபவர் வாயைத் திறந்து சுலோகம் சொல்லும்போது கொட்டு பெரும்பாலும் நின்றுவிடும். கை முத்திரையும் கண்ணும் பேசும்போதுதான் மிழாவு பேசும். குரலும் மிழாவும் ஒன்றோடொன்று மோதாததால்தான் மைக் இல்லாமல் முடிகிறது. உங்கள் பள்ளியில் மிருதங்கமும் பாட்டும் நட்டுவாங்கமும் ஒரே நேரத்தில் ஓடும். இந்த வித்தியாசத்தைக் கட்டடம் மட்டும் சரிசெய்துவிடாது. பக்கவாத்தியக்காரர்களை மேடைக்குப் பக்கத்தில், பாடகரைப் பார்வையாளருக்கு நெருக்கமாக, மிருதங்கத்தை அவருக்குப் பின்னால் வைக்கும்படி இடம் விட்டு வரையுங்கள். மேடைத்திரைக்கு மோட்டார், கப்பி எதுவும் வேண்டாம். கூடியாட்டத்தில் இரண்டு பேர் கையில் பிடிக்கும் திரைதான்.

பார்க்கப் போவது பற்றி. திருச்சூர் வடக்குநாதன் கோயிலில் உள்ளதுதான் இருப்பதிலேயே பெரியது என்பார்கள், கூரை செப்புத் தகடு. இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்கம், குருவாயூர், மூழிக்குளம், பெருவனம், திருவேகப்புறை, கிடங்ஙூர், ஹரிப்பாடு ஆகிய ஊர்களிலும் உண்டு. செங்ஙன்னூரில் அடித்தளம் மட்டும் மிச்சம். கோயில் விதிகள் பொருந்தும்: இந்துக்களுக்கு மட்டும் அனுமதி, ஆண்கள் மேல்சட்டையில்லாமல் வேட்டி, கேமரா கிடையாது. கூத்து நடக்காத நாளில் கூத்தம்பலம் பூட்டியிருக்கும், வெளியிலிருந்து அழி (சுற்றிலும் உள்ள மரச்சட்டத் தடுப்பு) வழியாகத்தான் பார்க்க முடியும். அளவுநாடா எடுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

உங்களுக்கு முதலில் பொருத்தமானது செறுதுருத்தி. கவிஞர் வள்ளத்தோளும் மணக்குளம் முகுந்தராஜாவும் 1930இல் தொடங்கிய கேரள கலாமண்டலம் இப்போது அங்கே இருக்கிறது. கோவையிலிருந்து ரயிலில் ஷொர்ணூர், பாரதப்புழைக்கு அக்கரை. அங்குள்ள கூத்தம்பலம் 1970களில் அப்புக்குட்டன் நாயர் வரைந்தது. பொறியாளர், திருவனந்தபுரத்தில் 'மார்கி' என்ற கூடியாட்ட, கதகளி அமைப்பைத் தொடங்கியவர். கோயிலுக்கு வெளியே எழுந்த கூத்தம்பலம் என்பதால் யாரும் போகலாம், மேடையை நிதானமாகப் பார்க்கலாம். தூண்களில் நாட்டிய நிலைகள் செதுக்கியிருக்கும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் பரத கலாக்ஷேத்ரா அரங்கமும் அவர் வரைவுதான். கூத்தம்பலத்தைப் பரதநாட்டியத்துக்கு எப்படி வளைத்தார் என்று பார்க்க இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள்.

உத்தரம்_கழுக்கோல்

கூரைக்கு வருகிறேன், ஏனென்றால் பணமும் சிக்கலும் அங்கேதான்.

அடியிலிருந்து போனால்: கருங்கல் அடித்தளம், அதன்மேல் தூண் வரிசை, தூண் தலையில் உத்தரம், உத்தரத்திலிருந்து உச்சிக்குப் போகும் கழுக்கோல், உச்சியில் மோந்தாயம். கழுக்கோல்களை ஊடுருவி ஒரே மட்டத்தில் ஓடும் கட்டைக்கு வளை என்று பெயர். மேலே பட்டியல் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டங்கள்), பிறகு ஓடு அல்லது பலகையும் செம்பும். ஆணி கிடையாது, எல்லாம் பொருத்தும் மரமுளையும்தான். பெரிய கூத்தம்பலங்களில் வெளித்தூண் வரிசைக்கு உள்ளே இன்னொரு தூண் வரிசையும் அதன்மேல் இன்னொரு உத்தரமும் வந்து கழுக்கோலை நடுவில் தாங்கும். உங்கள் 11 மீட்டரை ஒரே தாவலில் எந்தப் பழைய தச்சரும் தாண்டவில்லை.

கணக்கைப் பாருங்கள். 11 மீட்டர் அகலம், 45 பாகைச் சரிவு என்றால் மோந்தாயம் உத்தரத்துக்கு மேல் 5.5 மீட்டர். சாதாரணக் கழுக்கோல் 7.8 மீட்டர். மூலையில் வரும் கோடிக்கழுக்கோல் 9.5 மீட்டர். சுற்றிலும் 1 மீட்டர் இறவாரம் (வெளியே நீளும் கூரை விளிம்பு) விட்டால் முதலாவது 9.2, இரண்டாவது 11.3. பதினொன்றே கால் மீட்டருக்கு ஒரே தேக்கு இன்று எங்கே கிடைக்கும்? ஒட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஒட்டு நட்டநடுவில் வரக்கூடாது, உள் உத்தரம் தாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். உள் தூண் வேண்டாம் என்பீர்களானால் கோடிக்கழுக்கோல் நான்கையும் மோந்தாயத்தையும் இரும்பில் செய்து மரத்தால் மூடுங்கள், நடுக் கழுக்கோல்களை மரத்தில் விடுங்கள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. மரத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஐந்து வருஷத்தில் மூலை தொய்ந்து நிற்பதைவிட இது மேல்.

வளைத் துளைதான் தச்சனின் பரீட்சை. நடுப்பகுதியில் கழுக்கோல்கள் ஒன்றுக்கொன்று இணை, துளை நேர். மூலையை நெருங்க நெருங்க அவை விசிறியாக விரியும், ஆனால் வளை மட்டம் மாறாமல் ஓட வேண்டும். ஆக ஒவ்வொரு கழுக்கோலிலும் துளையின் சாய்வும் நீளமும் வேறு. தரையில் முழு அளவுக்குக் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, கீழேயே ஒருமுறை கோத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். துளையைப் பெரிதாக எடுத்து ஆப்பு அடித்து இறுக்கினால் அன்றைக்கு இறுகும். மரம் பதப்படாததாக இருந்தால் இரண்டு கோடையில் சுருங்கி ஆப்பு விழும், வளை ஆடும், கூரை மொத்தமும் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். தேக்கு கட்டுப்படியாகாவிட்டால் அயினி நல்ல மரம். எதுவானாலும் ஈரம் 12–14 சதவீதத்துக்கு வராமல் துளை போட விடாதீர்கள்.

பழுது எங்கே தொடங்கும் என்றால், கழுக்கோலின் காலில். இறவாரத்தில் தண்ணீர் சொட்டும் முனை முதலில் இற்றுப்போகும். அடுத்தது கோடிக்கழுக்கோலுக்கு மேலே உள்ள ஓட்டு வரிசை. மூலைக்கு வெட்டிய ஓடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருப்பார்கள், அது வெடித்தால் தண்ணீர் நேராக மரத்தின் முதுகில் இறங்கும். கீழே நின்று பார்த்தால் கறை தெரியவே மூன்று மழைக்காலம் ஆகும். மூன்றாவது, உத்தரம் நேரடியாக வெட்டுக்கல் சுவரில் உட்கார்ந்திருக்கும் இடம். கல் ஈரத்தை உறிஞ்சிக் கொடுக்கும், கரையான் அந்த வழியாக ஏறும். இடையில் கருங்கல் பலகையோ ஈயத் தகடோ கட்டாயம்.

எடை: இறவாரம் சேர்த்துக் கூரைப் பரப்பு ஏறக்குறைய 312 சதுர மீட்டர். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 15, ஆக 4,700 ஓடு, 11–12 டன். 45 பாகைச் சரிவில் ஓடு வழுக்கும். ஒவ்வொன்றையும் இல்லாவிட்டாலும் ஒன்றுவிட்டு ஒன்றைச் செம்புக் கம்பியால் பட்டியலோடு கட்டுங்கள். கம்பித் துளை இருக்கும் ஓடாகப் பார்த்து வாங்குங்கள்.

நாஞ்சில்வாசகன்

"நாட்டிய சாஸ்திரப்படி" என்பதைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். அந்த நூலின் இரண்டாம் அத்தியாயம் அரங்கத்துக்கு மூன்று வடிவம் சொல்கிறது: செவ்வகம், சதுரம், முக்கோணம். மூன்று அளவும் சொல்கிறது: 108, 64, 32 முழம். மனிதர்களுக்கு ஏற்றது 64க்கு 32 என்று தேர்ந்து, காரணமும் கொடுக்கிறது. அதைவிடப் பெரிதானால் குரல் தெளிவிழக்கும், முகபாவம் தெரியாது. 64 முழத்தில் பாதி பார்வையாளருக்கு. மீதிப் பாதியை இரண்டாக்கி முன்னது ஆட, பின்னது அணிய. முழத்தை 45 சென்டிமீட்டர் என்று கொண்டால் கட்டடம் சுமார் 29க்கு 14.5 மீட்டர். பார்வையாளர் பகுதி 14.5 மீட்டர் ஆழம்தான். இந்த விகிதமும், மேடைத் தளம் ஆமை முதுகுபோலோ மீன் முதுகுபோலோ இல்லாமல் கண்ணாடி மட்டமாக இருக்க வேண்டும் என்ற விதியும் இன்றைக்கும் அப்படியே உங்களுக்குப் பயன்படும்.

ஆனால் அதே அத்தியாயம் அரங்கம் மலைக்குகைபோல இருக்கட்டும், சாளரம் குறைவாகவும் காற்று புகாமலும் இருக்கட்டும் என்கிறது. இருக்கைகளைப் படிப்படியாக அமைக்கச் சொல்கிறது. கூத்தம்பலத்தில் நான்கு பக்கமும் மர அழி, காற்று தாராளம், தரை மட்டம். அணியறையும் சாஸ்திரம் சொல்லும் கால் பங்கு இல்லை, ஒடுங்கியது. கேரளத் தச்சர்கள் கையில் வைத்திருந்தது தந்திரசமுச்சயம், சில்பரத்தினம் என்ற கேரள நூல்கள். ஸ்ரீகோவிலின் (மூலவர் சன்னதி) அளவோடு பொருந்தும்படி கூத்தம்பலத்தின் சுற்றளவையும் இடத்தையும் முடிவுசெய்யும் கணக்கு அது. 24 அங்குலம் (இஞ்ச் அல்ல, 3 சென்டிமீட்டர் கொண்ட பழைய அங்குலம்) கொண்ட 72 சென்டிமீட்டர் கோல் அவர்கள் அலகு. அடிக்கும் மழைக்கும் புழுக்கத்துக்கும் குகை கட்ட முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆக, சாஸ்திரத்தின் நோக்கத்தை எடுத்துக்கொண்டார்கள், சுவரை எடுத்துக்கொள்ளவில்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு உறவு இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேடைப் பலகைக்கும் மேலே உத்தரத்துக்கும் இடையில் நான்கு கோல். வாசல் இரண்டு. தூண் நிழல் மேடையிலும் அவையிலும் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்பதையும் இளங்கோ சொல்லிவிடுகிறார். இரண்டு வாசல், தூணுள்ள மேடை, விளக்கின் இடம் ஆகிய மூன்றும் கூத்தம்பலத்தில் இன்றும் நிற்கின்றன. அதே காப்பியத்தில் சேரன் செங்குட்டுவன் முன் ஆடுபவர் பறையூர்ச் சாக்கையர். காமரசவல்லி என்ற ஊரின் சோழர் கல்வெட்டில் சாக்கைக் கூத்துக்கு நிலம் விட்ட செய்தி இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த மரபு அறுந்தது, கேரளத்தில் கூத்தம்பலமும் சாக்கியார் குடும்பங்கள் கோயிலில் ஆடும் உரிமை நாட்களும் அதைத் தாங்கின. காஞ்சிப் பல்லவன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசம், காஞ்சித் தெருவில் நடக்கும் அந்தக் கேலி நாடகம், இன்று பிள்ளை வரம் வேண்டிக் கேரளக் கோயிலில் நேர்ந்துகொள்ளும் கூத்து. எழுதியவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கட்டடம் காத்தது என்பதோடு, கட்டடம் அடைத்தும் வைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருவிதாங்கூரில் 1936 கோயில் நுழைவுப் பிரகடனம் வரை பெரும்பாலான மக்களுக்கு மதிலுக்குள்ளேயே இடமில்லை. உள்ளேயும் விளக்குக்குப் பக்கத்து இடம் பிராமணர்களுக்கு. பைங்குளம் ராம சாக்கியார் 1949இல் கோயிலுக்கு வெளியே ஆடியபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. 1962இல் சம்ஸ்கிருத அறிஞர் வே. ராகவன் முன்னின்று சென்னை சம்ஸ்கிருத ரங்கம் மாணி மாதவ சாக்கியாரை அழைத்தது. கேரளத்துக்கு வெளியே முதல் கூடியாட்டம் அதுதான். 1965இல் கலாமண்டலத்தில் கூடியாட்டத் துறை வந்தது, சாக்கியார் குடும்பத்தில் பிறக்காதவர்களும் கற்றார்கள். யுனெஸ்கோ கூடியாட்டத்தை உலக அருவப் பாரம்பரியமாக 2001இல் அறிவித்ததும் 2008இல் பட்டியலில் சேர்த்ததும் அதற்கு அப்புறம். கலாமண்டலக் கூத்தம்பலத்தின் உண்மையான புதுமை இதுதான் என்பேன்: வடிவம் பழையது, வாசல் எல்லாருக்கும்.

ஒலிக்கணக்கு

உள்ளளவு கொடுத்திருப்பதால் எண்ணிலேயே பேசலாம்.

15×11 மீட்டர், தரையிலிருந்து உத்தரம் 3 மீட்டர், 45 பாகை நாற்சரிவுக் கூரை. கூரைக்குள் இருக்கும் காற்றைச் சேர்த்துச் சராசரி உயரம் 5 மீட்டர், கனஅளவு 825 கனமீட்டர். தலைக்கு 4 கனமீட்டர் சொச்சம். பேச்சுக்கும் ஜதிக்கும் இது நல்ல அளவு. "கம்பீரமாக இருக்கட்டும்" என்று உத்தரத்தை 4.5 மீட்டருக்கு ஏற்றினால் 1,070 கனமீட்டர் ஆகிவிடும். கூத்தம்பலத்தில் இறவாரம் தாழ்ந்து குனிந்து நுழையும்படி இருப்பது மழைக்காக மட்டும் இல்லை.

அழி என்ன செய்கிறது? திறந்த இடம் என்பது ஒலியை முழுதாக விழுங்கும் பரப்பு. சுற்றளவு 52 மீட்டர், 2 மீட்டர் உயரத்துக்கு அழி, அதில் 40 சதவீதம் இடைவெளி என்றால் 42 சதுர மீட்டர் ஜன்னல் திறந்து வைத்த மாதிரி. அதே அளவில் சொன்னால், தரையில் நெருங்கி உட்கார்ந்த 200 பேர் விழுங்குவது சுமார் 90 சதுர மீட்டர். மரக்கூரை 23 என்று வைத்துக்கொள்வோம். தரை 3. மொத்தம் 158. எதிரொலி அடங்கும் நேரம் 825 கனமீட்டருக்கு 0.84 வினாடி, 1,070க்கு 1.09. முதலாவதில் "தாம் தித்தாம்" துண்டு துண்டாகக் கேட்கும். இரண்டாவதில் பாட்டு கொஞ்சம் செழிப்பாகவும் ஜதி கொஞ்சம் கலங்கியும் கேட்கும். அழியின் சட்டங்கள் மிச்ச ஒலியைப் பல திசைக்குச் சிதறடிப்பதால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே கைதட்டினால் வரும் அந்த படபட ஒலியும் வராது.

ஆள் இல்லாமல் ஒத்திகை பார்த்தால்? 158இலிருந்து 90 போய்விடும். சிறிய கனஅளவிலும் 1.95 வினாடி. ஒத்திகையில் கேட்டுவிட்டு "எதிரொலிக்கிறது" என்று பயந்து கூரையில் பஞ்சுப் பலகை அடிப்பார்கள், நிகழ்ச்சியன்று அரங்கம் செத்துக்கிடக்கும். ஒத்திகைக்குத் தரையில் பாயும் ஜமுக்காளமும் விரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இப்போது கெட்ட செய்தி. 40 சதவீதம் திறந்த அழி வெளிச் சத்தத்தில் 4 டெசிபல்தான் குறைக்கும். சாலையில் 65 என்றால் உள்ளே 61. மைக் இல்லாமல் குரல் போய்ச் சேர 35ஐத் தாண்டக்கூடாது. கூத்தம்பலங்கள் உயர்ந்த மதிலுக்குள், பெரிய வெளிமுற்றம் தாண்டி, வண்டிச் சத்தமே இல்லாத காலத்தில் நின்றன. உங்கள் மனைக்குப் பக்கத்தில் பேருந்து போகும் சாலை இருக்கிறதா? இருந்தால் அழியை வெளிச்சுவராக வைக்காதீர்கள். அழிக்கு வெளியே 1.8–2 மீட்டர் சுற்று நடை, அதற்கு வெளியே கனமான சுவர், நடையின் மேல்பகுதியில் வளைந்து வளைந்து போகும் காற்றுப்பாதை, அதன் உட்புறம் ஒலி உறிஞ்சும் பொருள். அழிக்குள் போன ஒலி திரும்பி வராதபடி நடையின் வெளிச்சுவரில் உட்புறமும் உறிஞ்சும் பொருள் வேண்டும். இல்லாவிட்டால் மேலே போட்ட 42 பொய்க்கணக்கு.

கோவை_வரைபடம்

எல்லாருக்கும் நன்றி. சாலை 40 மீட்டரில் இருக்கிறது, பேருந்து உண்டு. அதனால் சுற்று நடையை வரைபடத்தில் சேர்க்கிறோம். பள்ளி நிர்வாகம் இன்னும் மூன்று கேட்கிறது: அழிக்கு உள்ளே கண்ணாடி போட்டுக் குளிர்சாதனம் வைக்க முடியுமா, திருச்சூர் மாதிரி செப்புக் கூரை போட முடியுமா, மேடையில் எட்டுப் பேர் சேர்ந்து ஆடும் உருப்படிக்கு அந்த நான்கு தூண் இடைஞ்சல் ஆகாதா? விளக்கு பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

ஒலிக்கணக்கு

கண்ணாடி போட்டால் அழியின் 42 போய் 5 ஆகும். ஆள் நிறைந்தபோது 825க்கு 1.1 வினாடி, ஆள் இல்லாதபோது நான்கு வினாடிக்கு மேல். அதோடு கண்ணாடிகள் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்கும், படபட ஒலி திரும்ப வரும். போட்டே ஆக வேண்டுமென்றால் கண்ணாடியை ஐந்து பாகையாவது வெளிப்பக்கம் சாய்த்து மாட்டுங்கள், இழந்த 37 சதுர மீட்டரைப் பின்சுவரிலும் கூரையின் பின்பாதியிலும் உறிஞ்சும் பரப்பாகத் திருப்பிக் கொடுங்கள். மேடைக்கு மேலே, முன்பாதிக் கூரையில் மட்டும் எதையும் அடிக்காதீர்கள். மேடை விதானம்தான் முதல் பிரதிபலிப்பைப் பார்வையாளருக்கு அனுப்பும் பலகை. குளிர்சாதனத்தின் சத்தம் 30ஐத் தாண்டினால் மைக் கேட்பார்கள், மைக் வந்தால் இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை.

உத்தரம்_கழுக்கோல்

செம்பு இலேசு. 0.6 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 5.4 கிலோ, மொத்தம் 1.7 டன். அடியில் முழுக்கப் பலகை வேண்டும், அந்த எடை தனி. இலேசாக இருப்பதே ஆபத்து: ஓடு தன் எடையால் காற்றுக்கு நிற்கும், தகட்டைப் பிடித்து வைக்க வேண்டும். இரும்பு ஆணி அடித்தால் செம்பு பட்ட இடத்தில் இரும்பு வேகமாகத் துருவேறி ஆணித்தலை பறந்துவிடும். செப்பு ஆணி, செப்புப் பட்டைதான். தகட்டை மூட்டுக்கு மூட்டு ஈயம் காய்ச்சி ஒட்டாதீர்கள். 3 மீட்டர் தகடு 40 டிகிரி வித்தியாசத்துக்கு 2 மில்லிமீட்டர் நீளும், ஒட்டு கிழியும். மடித்த மூட்டு போட்டு நகர இடம் விடுங்கள். மழைச் சத்தமும் இருக்கிறது. பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே நமுதா (அமுக்கிய கம்பளி) விரிப்பு போட்டால் குறையும், நிற்காது. ஐப்பசியில் நிகழ்ச்சி வைப்பீர்களா என்று பள்ளியைக் கேளுங்கள். என் கருத்து: ஓடு போடுங்கள், மோந்தாயத்துக்கும் கோடிக்கழுக்கோல் வரிசைக்கும் மட்டும் செப்பு மூடி. பழுது வரும் இடத்தில் காசைச் செலவழித்த மாதிரி இருக்கும்.

வடக்குநாதன் கோயிலின் பாதுகாப்புப் பணி 2015இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் முதல் இடத்தைப் பெற்றது. தொல்லியல் துறையோடு சேர்ந்து அதற்குத் துணைநின்றது தமிழ்நாட்டு அறக்கட்டளை ஒன்று. மரபுத் தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் வழியாகப் போகாமல் மூத்த தச்சரை வரைபடக் கட்டத்திலேயே உட்கார வையுங்கள்.

மிழாவொலி

தூண்: கூத்தம்பல மேடை ஒருவரோ இருவரோ ஒரே இடத்தில் நின்று ஆடுவதற்கு. 25 சென்டிமீட்டர் தூண் பார்வையாளரிடமிருந்து 4 மீட்டரில் இருந்தால், அதற்கு அப்பால் 4 மீட்டரில் அரை மீட்டர் அகலத்தை மறைக்கும். ஒரு ஆள் முழுக்க அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். எட்டுப் பேர் உருப்படிக்கு 8க்கு 6 மீட்டர் தடையில்லாத இடம் தேவை. ஆகவே பின் தூண்கள் இரண்டையும் வையுங்கள், முன் தூண்களை எடுத்துவிட்டு விதானத்தைக் கூரையிலிருந்து தொங்க விடுங்கள். விதானத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், மேலே ஒலிக்கணக்கு சொன்ன பிரதிபலிப்பு அதிலிருந்துதான்.

மேடை உயரம் 60 சென்டிமீட்டர் போதும். தரையில் உட்கார்ந்தவரின் கண் 75–80இல் இருக்கும். மேடை அதைத் தாண்டினால் பாதம் மறையும், பாதம் தெரியாத பரதநாட்டியம் என்ன நாட்டியம்! ஆனால் மட்டமான தரையில் முன்னால் இருப்பவரின் தலையும் மறைக்கும். கூடியாட்டத்துக்கு இது பாதகமில்லை, பார்க்க வேண்டியது இடுப்புக்கு மேலே. நீங்கள் பின்பாதியில் 12–15 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று அகலப் படிகள் வையுங்கள். கூத்தம்பலத்தில் இல்லாதது, சாஸ்திரத்தில் இருப்பது.

விளக்கு: ஒரு திரியின் வெளிச்சம் மிகக் கொஞ்சம், தூரம் இரட்டித்தால் நாலில் ஒன்றாகிவிடும். அதனால்தான் கூடியாட்டத்தில் ஆடுபவர் விளக்கை விட்டு விலகுவதில்லை. வெளிச்சம் கீழிருந்து முன்பக்கமாக வருவதால் கண்குழியில் நிழல் விழாது, விழி அசைவு தெரியும். நேர்மேலே விளக்கு மாட்டினால் புருவ நிழல் கண்ணை மூடிவிடும், அபிநயம் போச்சு. மேடை முன்விளிம்பில், பார்வையாளர் பக்கம் மறைப்போடு, தாழ்வான விளக்கு வரிசை ஒன்று வையுங்கள்: 2,200 கெல்வின் அளவு மஞ்சள், நிறத்தெளிவு (CRI) 95க்குக் குறையாதது, மங்கலாக்கும்போது மினுங்காதது. மேலிருந்து வரும் விளக்குகள் 45 பாகைக்குக் கீழான சாய்வில் முன்பக்கத்திலிருந்து மட்டும், அதுவும் குழு உருப்படிக்கு மட்டும். நிலவிளக்கை அலங்காரத்துக்கு ஓரமாகத் தள்ளாமல், தனி ஆட்டத்தின்போது மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு அதை மட்டும் எரிய விடும்படி ஒரு சுவிட்சு நிலை வைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கு மேலே 2.5 மீட்டருக்குள் துணியோ காய்ந்த மாவிலைத் தோரணமோ வரக்கூடாது. குருவாயூர்க் கோயிலில் 1970 நவம்பர் 30 இரவு பிடித்த தீயை மறந்துவிடாதீர்கள். மரக்கூரை என்றால் தீயணைப்புக்கு இறவாரத்தின் வெளிப்பக்கம் சுற்றிலும் தண்ணீர்க் குழாய் வேண்டும், அதையும் இப்போதே வரைபடத்தில் போட்டுவிடுங்கள்.